முன்வரிசைச் சாப்பாடு

திரைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் வாசனை வரவில்லையே என்பதுதான் குற்றாலிங்கத்தின் முதல் கவலை. விமானம் ஏறி நிமிர்ந்துவிட்டது, பெல்ட் விளக்கும் அணைந்துவிட்டது, பணிப்பெண் எழுந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்நேரம் சூடேற்றுகிற அடுப்பிலிருந்து வெண்ணெய் பன் வாசனை வந்திருக்க வேண்டும். முதலில் பன், அதற்குப் பின்னால் சாம்பார், கடைசியில் காப்பி, அந்த வரிசை அவருக்கு மனப்பாடம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர மூக்குக்கு ஓய்வு கொடுக்கவில்லை. இன்றைக்கோ ஏசிக் காற்றுதான் வந்தது. வயதானதில் மூக்குதான் மங்கிவிட்டதோ, இல்லை, ஏறும்போது அந்தப் பெண்ணின் சென்ட் வாசனை வந்ததே, மூக்கு சரியாகத்தான் இருக்கிறது, அடுப்புதான் சரியில்லை. அவர் ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தார். வடிவு அகலமான சீட்டில் நடுவாக உட்கார்ந்திருந்தாள், கால் தரையில் முழுசாக ஊன்றவில்லை, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு, மடியில் தண்ணீர் பாட்டில். தொண்டையில் புற்று என்று கதிர் வைத்த பிறகு வாயில் எச்சில் ஊறுவதில்லை, அதனால் ஒரு மடக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு என்று நனைத்துக்கொண்டே இருப்பாள். "இம்புட்டு எடம் எதுக்குங்க, இன்னொரு ஆள் உக்காரலாம் போலயே" என்றாள், குரல் பாதி காற்றாக வந்தது. அவர் சிரித்தார். ஐதராபாத்தில் மகள் மாலினி புது வீடு பால் காய்ச்சுகிறாள், டாக்டர் பிரயாணம் போகலாம் என்று சொல்லிவிட்டார், போனால் முன்வரிசையில்தான் போவது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். எதற்கு, இந்தச் சாப்பாட்டுக்குத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், மாலினி போனிலேயே சிரித்தாள், "அப்பா, அம்மாவால இட்லி கூட முழுங்க முடியாதே, அவங்களுக்கு எதுக்குப்பா பிசினஸ் கிளாஸ்?" என்று கேட்டாள். வடிவுக்கு நாக்கில் ருசி போய்விட்டது, இனிப்பும் உப்பும் ஒன்றுதான், இவருக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் இந்தச் சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், அவள் கண்ணாலாவது பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதே மனசு அடுத்த நிமிஷமே புரண்டு படுத்தது, நன்றாக இருந்துவிட்டால்? நன்றாக இருந்துவிட்டால் இத்தனை வருஷம் இவர் சொன்னதெல்லாம் என்ன ஆகும்? நன்றாக இல்லாவிட்டால் இவளை இழுத்துக்கொண்டு வந்ததற்கு அர்த்தம் இல்லை, நன்றாக இருந்தால் இவர் முகத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை. இரண்டு பக்கமும் இடித்தது, அவர் நேராகத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குறைந்த தூரத்து விமானத்தில் சாப்பாடு போடுவது ஒரு தனி வித்தை. டெல்லிக்குப் போகிறவனுக்குச் சாவகாசமாகப் பரிமாறலாம், அவன் தூங்கி எழுந்துகூடச் சாப்பிடுவான். ஐதராபாத்துக்கும் கொச்சிக்கும் போகிறவனுக்கு விமானத்தின் மூக்கு நிமிர்ந்ததும் தட்டு வரவேண்டும், மூக்கு கவிழ்வதற்குள் தட்டு போகவேண்டும். அந்த இடைவெளிக்குள் முன்வரிசைக்காரன் தான் பெரிய மனுஷன் என்று நம்பும்படி சாப்பிட்டு, கைதுடைத்து, காப்பியும் குடித்து முடிக்க வேண்டும். பின்னால் இருக்கிறவர்களுக்கு அட்டைப்பெட்டியில் ரொட்டித்துண்டு, இவர்களுக்குப் பீங்கான் தட்டு, துணிக் கைக்குட்டை, கனமான ஸ்டீல் கரண்டி, விரற்கடை அளவுக்கு உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனிக் குடுவை. குற்றாலிங்கம் பாய்லர் விற்கிற கம்பெனியில் மேனேஜராக உயர்ந்தபோது சம்பளம் கூடியது பெரிதாகத் தெரியவில்லை, கார் கொடுத்ததும் பெரிதாகத் தெரியவில்லை, முன்வரிசை டிக்கெட் கொடுத்தார்களே, அன்றைக்குத்தான் ஒரு ஆள் ஆகிவிட்டதாக நினைத்தார். அவருக்கு நாக்கு நீளம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பந்தியில் பாயசம் வருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். கொச்சி விமானத்தில் ஒரு தரம் இடியாப்பமும் தேங்காய்ப்பால் விட்ட குருமாவும் போட்டான், இடியாப்பம் ஒட்டாமல் உதிர் உதிராக வந்தது, அதை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது. விசாகப்பட்டினத்துக்குப் போகையில் பெசரட்டு என்று பச்சைப்பயறுத் தோசை, கூடவே காரமும் வெல்லமுமாக ஓர் இஞ்சிச் சட்னி, அதை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார், பக்கத்து சீட்டில் இருந்த மருந்துக் கம்பெனிக்காரர்கூடச் சிரித்தார். உயரே போனால் நாக்கு மந்தமாகிவிடும், அதற்காக உப்பும் புளியும் ஒரு படி தூக்கலாகப் போடுவார்கள் என்று அந்த மனுஷன்தான் சொன்னார். நாக்கு மந்தமாகிவிடும். அன்றைக்கு அது வெறும் செய்தி, கேட்டார், தலையாட்டினார், சட்னியைத் தொட்டு நக்கினார். மேலே போகிறவனுக்குக் கீழே வந்தால் சரியாகிவிடுகிறது. வடிவுக்கு? டாக்டரைக் கேட்டபோது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "வரலாம், சிலருக்கு முழுசா வராது, பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது, நாக்கை நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமா.

வடிவிடம் சொன்ன பொய் முதல் தரம் எப்படி ஆரம்பித்தது என்பதை அவர் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டார், நினைக்க நினைக்க அது நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் பெரிய தொந்தரவு. முன்வரிசையில் போன முதல் பிரயாணம், மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுப் படியேறும்போதே சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று துள்ளிக்கொண்டு வந்தார். பனீர் மசாலா, ஜீரகச் சாதம், கண்ணாடிக் கிண்ணத்தில் ரசமலாய். வடிவு கதவைத் திறந்தாள், அவள் பின்னாலேயே வத்தக்குழம்பு வாசனையும் வந்தது. மேஜையில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. அவர் ஊரிலிருந்து வருகிற நாள் அவள் தனியாகச் சாப்பிட மாட்டாள், அவள் அம்மாவும் அப்படித்தானாம், சொல்லித் திருத்த முடியாது, இவரும் உண்மையாகத் திருத்த முயன்றதில்லை, தனக்காக ஒருத்தி பசியோடு காத்திருப்பது உள்ளூர யாருக்குத்தான் பிடிக்காது. "இன்னைக்கு ஏரோப்ளேன்ல என்ன போட்டான்?" என்று ஆசையாகக் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். அவள் முகம் பசியில் கொஞ்சம் வாடி, உதடு உலர்ந்து இருந்தது. ரசமலாய் என்று சொல்லவந்தவர், "சவத்த, வாயில வைக்க வெளங்கல" என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். ஐயோ பாவம் என்றாள், கை கழுவுங்க என்றாள், ஓடிப்போய் இன்னும் நாலு அப்பளம் பொரித்தாள். அவர் இரண்டாவது ராச்சாப்பாட்டை முதல் சாப்பாடு மாதிரி சாப்பிட்டார், வயிறு திண்டாடியது, மனசு மட்டும் நிறைவாக இருந்தது, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே நினைத்தார். அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிப் போனது. கொச்சி இடியாப்பம் வீட்டுக்கு வரும்போது நூல்கண்டு ஆனது. பெசரட்டு செருப்புத் தோல் ஆனது. காப்பி கழுவின தண்ணீர் ஆனது. சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ஒரு கைத்தேர்ச்சி வந்துவிட்டது, விமானம் இறங்கும்போதே இன்றைக்கு எதை எப்படித் திட்டலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், "பெரிய கம்பெனிக்காரன், ஒரு இட்லி அவிக்கத் தெரியல பாருங்க" என்பாள். எல்லாம் அவளுக்காகத்தான். எல்லாமுமா? நன்றாக இருந்தது என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னை எப்போ கூட்டிட்டுப் போவீய என்று வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும், அந்தப் பயமும் அடியில் கிடந்தது. கிடந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

பொய்க்குக் கால் முளைத்து அது தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்ததும் அப்புறம்தான். வெளியூர்ச் சாப்பாடு இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வடிவு கட்டுச்சாப்பாடு கட்ட ஆரம்பித்தாள். காலை விமானம் என்றால் கருக்கலிலேயே எழுந்துவிடுவாள், எள்ளு வறுத்துப் போட்ட மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லிக்கு இரண்டு பக்கமும் தடவி, வாழையிலையை வாட்டி அதில் சுற்றி, டப்பாவில் அடுக்கித் தருவாள். "ப்ளேன்ல அவன் குடுக்கத தொடாதீய, இதச் சாப்பிடுங்க, யாரு என்ன சொல்லப் போறா" என்று வாசல் வரை வந்து சொல்லுவாள். பீங்கான் தட்டு வருகிற இடத்தில் டப்பாவைத் திறந்து எண்ணெய்க் கையோடு இருப்பதா, பக்கத்தில் கோட்டுப் போட்டவன் இருப்பானே. விமான நிலையத்தில் காரை விட்டு இறங்கும்போது அந்த டப்பா கம்பெனி டிரைவர் தேவசகாயத்தின் கைக்குப் போகும். தேவசகாயம் முதலில் கூச்சப்பட்டான், பிறகு கூச்சம் போய்விட்டது, பிறகு இவர் இறங்குவதற்கு முன்னாலேயே கையை நீட்டிவிடுவான். "சார், நேத்து பொடி கொஞ்சம் காரம் சார், ஆனா சூப்பர்" என்று விமரிசனம் வேறு. சாயங்காலம் இவரை அழைத்துப்போக வரும்போது டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுவான், காலி டப்பாவைப் பார்த்து வடிவுக்குச் சந்தோஷம், "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டீயளா?" என்பாள், இவர் ம் என்பார். அந்த இட்லி பஞ்சாக இருக்கும். அதைச் சாப்பிடாமல் போன அத்தனை காலைகளையும் இப்போது திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள். கதிர் வைத்து முடித்த பிறகு அவள் அடுப்புப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள், ருசி பார்க்க முடியாதவள் எதை வைத்து உப்புப் போடுவாள், ஒரு நாள் ரசம் வைத்துவிட்டு "இது ரசந்தானா, வென்னியா, நீங்களே சொல்லுங்க" என்று கரண்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இவர் கரண்டியை வைத்துக்கொண்டு நின்றார். ரசத்தில் உப்பே இல்லை.

"என்ன யோசனை?" என்று வடிவு கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே மேகம் கிடக்கிற கிடையைப் பார்த்து, "இதையெல்லாம் நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். சொல்லவில்லைதான். மேகத்தைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை, சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஓயாமல் சொன்னார். அவளுக்குச் சட்டென்று இருமல் வந்தது, வறட்டு இருமல், அவர் பதறிப்போய் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடி கை தவறிக் கீழே விழுந்து உருண்டது, அவள் குடித்துவிட்டுக் கையைக் காட்டினாள், சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது. முதலில் இதுவும் வெறும் இருமலாகத்தான் இருந்தது, கஷாயம் வைத்துக் குடித்தாள், காரம் வாயில் எரிகிறது என்றாள், இவர் அப்போது விஜயவாடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார், வந்து பார்க்கலாம் என்றார், வந்து மறந்துவிட்டார். வந்து பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். விமானக் கம்பெனிக்காரன் போகப் போக இலவச மைல்ஸ் சேர்த்துக்கொடுத்தான், இரண்டு பேர் முன்வரிசையில் போய்வருகிற அளவுக்குச் சேர்ந்தும் விட்டது, அப்போது மாலினிக்குப் பரீட்சை, அப்புறம் மாலினிக்குக் கல்யாணம், அப்புறம் கம்பெனியில் யாரோ மாறிப்போனார்கள், ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் போகலாம் என்று வைத்திருந்தார், ஓய்வு பெற்றபின் ஒருநாள் போனில் பார்த்தால் எல்லாம் காலாவதி என்று வந்தது. அன்றைக்கு அவருக்கு அது பெரிதாகவே படவில்லை, ஒரு தும்மல் மாதிரி போய்விட்டது. அவளுக்கு நாக்கு இருந்த காலத்தில் அவரிடம் இடம் இருந்தது. இதை நினைக்கக் கூடாது, இதை நினைத்தால் தலைக்குள் ஏதோ சுற்ற ஆரம்பித்து அங்கேயே நிற்கும். அவர் குனிந்து மூடியைத் தேடினார். முன் சீட்டுக்கு அடியில் போய்விட்டிருந்தது, எட்டவில்லை.

திரை விலகியது. வாசனை வராமலேயே தட்டு வந்துவிட்டது. பணிப்பெண் வடநாட்டுப் பெண், தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினாள், "மேம், இட்லி, வடா, உப்மா, ஓகே?" என்றாள், வடிவு என்னவோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓகே ஓகே" என்றாள். மேஜைப்பலகையை விரிக்கத் தெரியாமல் கைப்பிடியைத் தடவினாள், அவர் விரித்துக்கொடுத்தார். தட்டு இறங்கியது. குற்றாலிங்கம் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பீங்கான் இல்லை, பிளாஸ்டிக். துணி இல்லை, காகிதம். வெள்ளித்தாள் மூடிய ஒரே தட்டில் இட்லியும் வடையும் உப்புமாவும் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, சாம்பார் ஒரு குட்டிக் கிண்ணத்தில், மேலே ஆடை கட்டியிருந்தது, பப்பாளித்துண்டில் குளிர்பெட்டி வாடை. பன்னைத் தொட்டுப் பார்த்தார், மேலே சுட்டது, பிட்டால் உள்ளே ஐஸ். எப்போது இப்படி ஆனது? இவர் போகாமல் இருந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் எவன் வந்து இதையெல்லாம் கெடுத்தான்? அடுப்புக்கூடச் சரியாக மூட்டவில்லை, முக்கால்வாசிச் சூட்டில் எடுத்துவிட்டிருக்கிறாள், நேரம் இல்லை, ஆள் இல்லை, யார் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் இவர் வீட்டில் வந்து சும்மா திட்டினாரே, நூல்கண்டு, செருப்புத் தோல், கழுவின தண்ணீர், அந்தத் திட்டெல்லாம் எங்கேயோ காத்திருந்து இன்றைக்குப் பலித்துவிட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஒரு கத்துக் கத்தலாமா என்று நாக்கு துடித்தது. வடிவு வெள்ளித்தாளை ஓரத்தில் பிடித்து, கிழியாமல், மெதுவாக உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து மடித்து வைத்தாள். உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள், மிளகுப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள், வெண்ணெய்க் கட்டியை மூக்கருகே கொண்டுபோனாள், ஒன்றும் தெரியவில்லை போல, திருப்பி வைத்தாள். கரண்டியால் இட்லியில் ஒரு ஓரத்தை வெட்டினாள், வெட்டியதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை, எப்படி இருக்கும் என்று பார்ப்பவள் போல அதையே பார்த்தாள். "அழகா வச்சிருக்கான் என்னா" என்றாள். அவருக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார்.

அவளுடைய கஞ்சிப் புட்டி பையில் இருந்தது, அதை எடுக்கவா என்று கேட்டார், அப்புறம் குடிக்கேன் என்றாள், இப்ப எதுக்கு அது, இம்புட்டு இருக்கும்போது. தட்டை இவர் பக்கம் லேசாகத் திருப்பி வைத்து, முழங்கையைப் பலகையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். "நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கேன்" என்றாள். அவர் இட்லியைப் பிட்டார். பிடுவதற்கே பலம் வேண்டியிருந்தது, ஓரம் காய்ந்து வறட்டியாகக் கிடந்தது, சாம்பாரில் தோய்த்தால் சாம்பார் உள்ளே போகாமல் வெளியே வழிந்தது. வாயில் போட்டார். புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை, ஈர மாவை மென்றது போல இருந்தது. ஒரு நிமிஷம் அவருக்குத் தன் நாக்கும் போய்விட்டதோ என்று திக்கென்றது. இவளுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமோ, காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, மாலினி அனுப்பின அல்வா, எல்லாமே இப்படித்தான் இருக்குமோ. அப்படியானால் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளோடு சேர்ந்து ஒரே ருசியைச் சாப்பிடுகிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. வடிவு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மென்றால் அவள் தொண்டையும் அசைந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார்.

"நெசமாவா?"

"இட்லி பஞ்சு மாதிரி இருக்கு. சாம்பார்ல காயம் தூக்கலா போட்டிருக்கான். சின்ன வெங்காயம் முழுசு முழுசா கெடக்கு பாரு." கிண்ணத்தில் வெங்காயம் இல்லை, ஒரே ஒரு கேரட் துண்டு மிதந்தது, அவர் அதைக் கரண்டியால் அடியில் அமுக்கினார். திட்டுவதற்குப் பழகிய வாய்க்குப் புகழ்வது வரவில்லை, வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தடவித் தடவி எடுக்கவேண்டியிருந்தது. "வட நல்ல மொறுமொறுன்னு இருக்கு. உப்புமால முந்திரி. நல்ல நெய்யி."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டாள். வடை என்றபோது வடையைப் பார்த்தாள், உப்புமா என்றபோது உப்புமாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப முன்னாலயும் இப்படித்தான் நல்லா போட்டிருப்பான், என்ன?"

அவர் கை நின்றது. இதற்குப் பதில் கைவசம் இருந்தது. அப்ப மோசம், இப்பத்தான் திருத்தியிருக்கான், புது முதலாளி வந்திருக்கான், என்று சொன்னால் முடிந்துபோயிற்று, பழைய பொய்யும் பிழைக்கும், புதுப் பொய்யும் பிழைக்கும், இரண்டுக்கும் ஒன்றோடொன்று சண்டை இல்லை. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம், வராமல் இருக்குமா. அவள் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள், கதவைத் திறந்து நின்றுகொண்டு கேட்கிற அதே ஆசை முகம், கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது, கழுத்துத்துண்டு நழுவி, கதிர் பட்டுக் கருத்த தோல் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து இன்னும் ஒன்று சொல்ல அவரால் ஆகவில்லை. சொல்லாமல் இருப்பதே பதிலாகிவிடும் என்று தெரிந்தது. திட்டுவாளா, அழுவாளா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாளா, தேவசகாயத்தைப் பற்றிக் கேட்பாளா. என்ன கேட்டாலும் சரி என்று உட்கார்ந்திருந்தார். விமானத்தின் மூக்கு லேசாகக் கவிழ்வதை அவர் வயிறு உணர்ந்தது.

வடிவு பெருமூச்சு விட்டாள். கன்னத்திலிருந்து கையை எடுத்து அவர் மணிக்கட்டின் மேல் வைத்தாள்.

"நல்லவேளை" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க அந்த ஒரு டப்பா இட்லியோட, வேற ஒண்ணும் வாயில வைக்க முடியாம, பட்டினியா ஊர் ஊரா அலையுதீயளேன்னு நெனச்சு நெனச்சு, நீங்க ப்ளேன்ல போற நாளெல்லாம் எனக்குச் சோறு எறங்காதுங்க. மத்தியானம் தட்டுல போடுவேன், ரெண்டு வாயி வைப்பேன், எந்திரிச்சிருவேன். மோரக் குடிச்சிட்டு ஒக்காந்திருப்பேன்." காற்றுக் குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டாள். "நல்லவேளை. நீங்க நல்லாத்தான் சாப்பிட்டிருக்கீய."

அவர் அவள் முகத்தில் குத்தலைத் தேடினார். ஒரு சின்னக் கோபமாவது இருக்குமா என்று தேடினார், இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஒன்றும் இல்லை. அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள், எப்போதோ பிடித்த ஒரு கவலை இன்றைக்குத்தான் தீர்ந்தது போல. பணிப்பெண் வந்து தட்டுகளை எடுக்கவா என்று கேட்டாள், வடிவு கையால் தடுத்து, "இருங்கம்மா, சார் சாப்பிடட்டும்" என்றாள்.

அவர் இன்னொரு துண்டு இட்லியை வாயில் போட்டார், அது அப்படியே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வடிவு அதைப் பார்த்துவிட்டு, "விக்குதா?" என்று கேட்டு, மடியிலிருந்த தன் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.